நான்காம் இடம் யாருடையது?

நோய் தீர்க்கும் பணியை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டினார் திருவள்ளுவர். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிலிருந்து பணிபுரிபவன் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்ததே மருத்துவம் என்பது 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் தரும் கருத்தாகும். வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதையும் இதே நான்கு கூறுகளைக் குறிப்பிடுகின்றது. அருகிலிருந்து பணிபுரிபவனுக்கு உரிய இலக்கணம் கூறவந்த பரிமேலழகர், அறிவுடைமை, தூய்மை முதலியவற்றோடு நோயாளியிடத்தில் அன்புடைமையையும் ஒன்றாக எண்ணுகின்றார். பணி செய்யத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. அன்பும் வேண்டும் என்பது பழையோர் துணிபு.

அந்த நான்காம் இடத்தில் அமர்ந்திருந்தவர் யார்? நெடுங்காலமாக அவ்விடம் குடும்பத்தினருக்கே உரியதாக இருந்தது. காய்ச்சலில் படுத்த கணவனின் தலைமாட்டில் மனைவி இருந்தாள்; மூச்சுத் திணறும் குழந்தையைத் தாய் மடியில் சாய்த்துக் கொண்டாள்; கிழத் தந்தைக்கு மகன் கஞ்சி ஊட்டினான். மலாயாவின் தோட்டத்து லயங்களிலும் இதுவே வழக்கம். மருந்து என்னவென்று அறியாத கைகள்கூட நெற்றியில் ஈரத்துணி இடவும் கால்களைப் பிடித்துவிடவும் அறிந்திருந்தன. நோயாளி பிழைத்தபோது அக்கைகள் பிழைப்பித்ததில் தமக்கும் பங்குண்டு என மகிழ்ந்தன. பிழைக்காதபோது, செய்ய வேண்டியதைச் செய்தோம் என்னும் ஆறுதலாவது அவற்றுக்கு எஞ்சியது.

இன்று மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவின் முன் சென்று நிற்போர் காண்பது மூடிய கதவு ஒன்றையே. உள்ளே நோயாளி இருக்கின்றார், மருத்துவர் இருக்கின்றார், மருந்து இருக்கின்றது, நான்காம் இடத்தில் தாதி இருக்கின்றார். குடும்பம் வெளியே இருக்கின்றது. காத்திருப்புக் கூடத்தின் நாற்காலிகளில் அது இரவும் பகலும் அமர்ந்திருக்கின்றது. இந்நிலையில் ஓர் அறவினா எழுகின்றது. உள்ளே இருக்கும் தாதிக்கு வெளியே இருக்கும் குடும்பத்தின்பால் கடமை ஏதேனும் உண்டா? உண்டெனில் அஃது இரக்கத்தால் செய்யும் கூடுதல் உதவியா, செய்யாவிடில் குற்றமாகும் கடனா?

இவ்வினாவுக்கு விடை காணுமுன் அக்கதவு எப்படித் தோன்றியது என அறிதல் நலம். 1952 ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாத நோய் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து பலர் மாண்டனர். மயக்க மருந்து வல்லுநராகிய பியோர்ன் இப்சன், அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, கையால் அமுக்கும் பை ஒன்றின் வழியே காற்றைச் செலுத்திக் காட்டினார். சிறுமி பிழைத்தாள். அம்முறையைப் பின்பற்றி, ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, நோயாளிகளின் படுக்கையருகே அமர்ந்து, தம் கைகளாலேயே அவர்களுக்கு மூச்சு அளித்தனர். 1953 ஆம் ஆண்டில் இப்சன் அந்நகரிலேயே இத்தகைய நோயாளிகளை ஓரிடத்தில் வைத்துக் கண்காணிக்கும் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். உலகெங்கும் இன்றுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அதுவே முன்னோடி எனக் கருதப்படுகின்றது.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை கவனிக்கத் தக்கது. தீவிர சிகிச்சை என்பது தொடக்கத்தில் மனிதன் மனிதனின் அருகே இடைவிடாது அமர்ந்திருத்தலாகவே இருந்தது. பின்னர்ச் சுவாசக் கருவிகள் வந்தன. இதயத் துடிப்பைக் காட்டும் திரைகள் வந்தன. மருந்தைத் துளித்துளியாகச் செலுத்தும் பொறிகள் வந்தன. அவற்றை ஓயாது கண்காணிக்கப் பயிற்சி பெற்ற கண்கள் தேவைப்பட்டன. நோய்த் தொற்றைத் தடுக்கவும் இடையூறின்றிப் பணி நடக்கவும் கதவு மூடப்பட்டது. பார்வை நேரம் வகுக்கப்பட்டது. இவற்றுள் எதுவும் தீய நோக்கத்தால் நிகழ்ந்ததன்று. உயிர் காக்கும் பொருட்டே நிகழ்ந்தது. ஆயினும் விளைவு ஒன்றே: நான்காம் இடத்திலிருந்து குடும்பம் எழுப்பப்பட்டது, அவ்விடத்தில் தாதி அமர்த்தப்பட்டார்.

எழுந்த வினாவுக்கான விடையும் இங்கேயே இருக்கின்றது. தாதி அமர்ந்திருக்கும் இடம் குடும்பத்தாரிடமிருந்து பெற்ற இடம். நோயாளியின் நலங்கருதி அவர்கள் அதனை விட்டுக்கொடுத்தார்கள். விட்டுக்கொடுத்தவருக்கு, பெற்றுக்கொண்டவர் கடன்பட்டவர் அல்லரோ? ஆகவே குடும்பத்துக்குத் தாதி செய்யும் துணை, பணியின் இடையே நேரம் கிடைத்தால் செய்யும் தயவன்று. அவர் ஏற்றுக்கொண்ட இடத்தோடு சேர்ந்து வந்த கடன்.

அக்கடன் எவ்வாறு தீர்க்கப்படுகின்றது என்பதை நேரில் கண்டால்தான் விளங்கும். கதவைத் தாண்டி முதன்முறையாக உள்ளே நுழையும் மனைவி காண்பது அவள் அறிந்த கணவனை அன்று. முகம் வீங்கியிருக்கும், வாயில் குழாய், கழுத்திலும் கையிலும் ஊசிகள், தலைக்கு மேல் ஒலித்துக்கொண்டேயிருக்கும் கருவிகள். ஒவ்வோர் ஒலியும் அவளுக்குச் சாவின் அறிவிப்பாகத் தோன்றும். தேர்ந்த தாதி அவளைக் கதவருகே சற்று நிறுத்தி, காணப்போவது என்ன என்பதை முன்னரே சொல்லிவிடுகின்றார். வாய்வழிச் செல்லும் குழாய் குரல்நாண்களுக்கு இடையே இறங்குவதால் அவரால் பேச முடியாது. உறக்க மருந்து கொடுக்கப்பட்டிருப்பதால் கண் திறக்கமாட்டார். ஒலி எழுந்தாலெல்லாம் ஆபத்து என்று பொருளன்று. ஆபத்தானால் ஓடிவருபவர் இருக்கின்றார். இவ்வளவையும் சொன்னபின், கைகழுவச் செய்து, படுக்கையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "கையைப் பிடித்துக்கொள்ளலாம், அம்மா. பேசுங்கள், காதில் விழக்கூடும்" என்கின்றார்.

இழுத்துப் போட்ட அந்த நாற்காலி சிறிய பொருள்தான். ஆனால் அதன் பொருள் பெரிது. இழந்த இடத்தின் ஒரு பகுதியைத் தாதி அவளுக்குத் திருப்பிக் கொடுக்கின்றார். பல தாதியர் இதற்கு மேலும் ஒரு படி செல்கின்றனர். உலர்ந்த உதடுகளை ஈரப் பஞ்சால் நனைக்கவும், தலையைச் சீவிவிடவும், கால்களுக்கு எண்ணெய் தடவவும் குடும்பத்தாரைப் பழக்குகின்றனர். மருத்துவக் கணக்கில் இவை சிறு செயல்களே. ஆனால் கைகட்டி நிற்பதைவிடக் கொடிய துன்பம் அன்புடையார்க்கு வேறு இல்லை. செய்வதற்கு ஒன்று கிடைத்தவுடன், பார்வையாளராக நின்றவர் மீண்டும் மனைவியாகவும் மகனாகவும் மாறிவிடுகின்றார்.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற பல இன நாடுகளில் இக்கடனுக்கு இன்னொரு முகமும் உண்டு. அடுத்தடுத்த படுக்கைகளில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என மூவினத்தாரும் படுத்திருப்பர். ஒரு படுக்கையருகே யாசின் ஓதப்படும். அடுத்த படுக்கையில் நெற்றியில் திருநீறு இடப்படும். அதற்கடுத்த படுக்கையில் மணிமாலை ஒன்று தலையணையின்கீழ் வைக்கப்படும். தாதி இவற்றுள் ஏதோ ஒரு சமயத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம். எனினும் குழாய்களுக்கு இடையூறு நேராதவாறு எல்லாவற்றுக்கும் இடம் செய்து தருகின்றார். மருத்துவர் ஆங்கிலத்தில் கூறியதைத் தமிழ் மட்டுமே அறிந்த தாய்க்கு எளிய தமிழில் சொல்ல ஆளில்லாதபோது, அறிந்த ஒருவரைத் தேடி அழைத்து வருபவரும் பெரும்பாலும் தாதியே. புரியாத மொழியில் சொல்லப்பட்ட உண்மை சொல்லப்படாததற்கு ஒப்பானது என்பதை அவர் அறிவார்.

இடம் தருவதும் பணியில் பங்கு தருவதும் ஒப்புநோக்க எளியவை. உண்மையைத் தருவதே அரிது. அரிய அப்பகுதியை விளக்க ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஜொகூர் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர், கடுமையான நுரையீரல் தொற்றால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கின்றார். ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை செய்கின்றான். சென்ற வாரம்தான் விடுப்பெடுத்து வந்து போனான். மீண்டும் விடுப்புக் கேட்டால் வேலைக்கு இடையூறு வரலாம். நள்ளிரவு கடந்த நேரத்தில் முதியவரின் மனைவி தாதியிடம் கேட்கின்றாள்: "மிஸ்ஸி, ஒன்றும் பயமில்லையே? பையனை வரச் சொல்லவா, வேண்டாமா?"

இரத்த அழுத்தம் விழாமல் தாங்கும் மருந்தின் அளவு அன்று மாலையிலிருந்து மூன்று முறை கூட்டப்பட்டிருப்பதைத் தாதி அறிவார். சிறுநீர் குறைந்து வருவதையும் அறிவார். ஆனால் நோயின் முடிவைக் கூறும் பொறுப்பு மருத்துவருடையது. தாதியின் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. "ஒன்றும் ஆகாது, அம்மா, கவலைப்படாதீர்கள்" எனத் தேற்றலாம். "எனக்குத் தெரியாது, காலையில் டாக்டரைக் கேளுங்கள்" என விலகலாம். மூன்றாவது வழி கடினமானது. அதனைக் கூறுமுன், முதல் இரண்டும் ஏன் தகா என்பதை ஆராய வேண்டும்.

முதல் வழிக்குத் தமிழ் கற்றோர் ஒரு சான்று காட்டக்கூடும். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் கருத்து 'வாய்மை' அதிகாரத்தில் இருக்கின்றதன்றோ? துயரில் தவிக்கும் தாய்க்கு ஒரு பொய் ஓர் இரவின் உறக்கத்தைத் தருமானால் அது நன்மைதானே? இதற்கு நேர் எதிரான நிலையைக் கொண்டவர் செர்மானிய மெய்யியலார் இம்மானுவேல் காண்ட். மனித நேயத்தால்கூடப் பொய்யுரைக்க உரிமையில்லை என 1797 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் அவர் வாதிட்டார். காண்டின் கட்டளை கற்பாறை போன்றது. அதில் இரக்கத்துக்கு இடுக்கு இல்லை. வள்ளுவரின் சொல்லோ மனித வாழ்வின் நெளிவை அறிந்தது. ஆயினும் வள்ளுவர் வைத்த நிபந்தனையைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். நன்மை தருவது மட்டும் போதாது; அந்நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும்.

தாதியின் பொய் தரும் நன்மை குற்றமற்றதா? தாய் அன்றிரவு உறங்குவாள். மகனை அழைக்கமாட்டாள். விடியலில் முதியவர் இறந்துபோனால், தந்தையின் கையை இறுதியாகப் பற்றும் வாய்ப்பை மகன் இழப்பான். சொல்ல வேண்டிய நன்றியும் கேட்க வேண்டிய மன்னிப்பும் அவனுடைய நெஞ்சிலேயே தங்கிவிடும். "நான்தான் வரவேண்டாம் என்றிருந்தேன்" என்னும் குற்றவுணர்வு தாயை வாழ்நாள் முழுதும் அரிக்கும். ஓரிரவு உறக்கத்தின் விலை அது. மேலும், பொய் என வெளிப்பட்ட அக்கணத்திலிருந்து, அந்தப் பிரிவில் இருக்கும் ஒருவருடைய சொல்லையும் அக்குடும்பம் நம்பாது. ஆகவே வள்ளுவர் வைத்த நிபந்தனையிலேயே இப்பொய் தோற்றுவிடுகின்றது. காண்டின் துணை இன்றியே அதனை விலக்கிவிடலாம்.

இக்காலத் தாதியியலுக்கு அடித்தளமிட்ட புளோரன்ஸ் நைட்டிங்கேலும் இதனை உணர்ந்திருந்தார். 1859 ஆம் ஆண்டில் வெளிவந்த தாதிமை பற்றிய தம் நூலில், நோயாளியிடம் வந்து ஆராயாமல் நம்பிக்கைச் சொற்களை அள்ளி வீசுவோரைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ஆபத்தைச் சிறிதாக்கிப் பேசும் வெற்று ஆறுதல் நோயாளியைத் தேற்றாது. அவருடைய துன்பத்தைப் புரிந்துகொள்ள எவருமில்லை என்னும் தனிமையையே தரும் என்பது அவர் கண்ட உண்மை. நோயாளியைப் பற்றி அவர் கூறியது குடும்பத்துக்கும் பொருந்தும். பொய்யான ஆறுதல், ஒருவரைத் துயரோடு தனியே விட்டுச் செல்லும் நாகரிகமான வழியே ஆகும்.

இரண்டாம் வழியாகிய விலகல் பொய்யன்று. பணி விதிக்கும் அது முரணன்று. ஆனால் நான்காம் இடத்தில் அமர்ந்தவர் இவ்வாறு விலகுவாராயின், எழுந்து சென்ற குடும்பத்தின் கண்களாக இருப்பவர் யார்? காலையில் மருத்துவர் வரும்வரை நோய் காத்திருக்கும் என்பதற்கு உறுதி உண்டா? வாய்மை என்பது பொய் சொல்லாதிருத்தல் மட்டுமன்று. சொல்ல வேண்டிய நேரத்தில் வாய்திறத்தலும் ஆகும்.

மூன்றாம் வழியில் தாதி அம்முதியவளின் அருகே அமர்கின்றார். நின்றுகொண்டு சொல்லுவதில்லை. "அம்மா, மாலையிலிருந்து ஐயாவின் நிலை இறங்கி வருகிறது. மருந்தைக் கூட்டியிருக்கிறோம். என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது. மருத்துவரை இப்போதே அழைக்கிறேன். அவர் உங்களிடம் பேசுவார். மகனுக்குத் தகவல் சொல்லிவிடுவது நல்லது" என்கின்றார். தாம் கண்டதை மட்டும் சொல்லுகின்றார். காணாத முடிவைச் சொல்லவில்லை. மருத்துவரின் எல்லையைத் தாண்டவுமில்லை; தம் கடமையின் எல்லைக்குள் ஒளிந்துகொள்ளவுமில்லை. பிறகு, மருத்துவர் பேசும்போது தாமும் உடனிருந்து, அவர் சென்றபின் அந்தத் தாய் புரிந்துகொண்டது என்ன எனக் கேட்டறிகின்றார். அதிர்ச்சியுற்றவர் காதில் முதன்முறை விழும் சொற்கள் பெரும்பாலும் தங்குவதில்லை என்பது தாதியர் அனுபவத்தில் அறிந்தது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். குடும்பத்தார் வேண்டுவது நம்பிக்கையை அன்றோ? உண்மை நம்பிக்கையைக் கொன்றுவிடாதா? 1979 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாதியியல் ஆய்வாளர் நான்சி மோல்ட்டர், கடும் நோயாளிகளின் உறவினர் 40 பேரிடம் 45 தேவைகளைக் கொண்ட பட்டியலைக் காட்டி, எவை முதன்மையானவை என வினவினார். நம்பிக்கை உண்டு என உணர்வதே முதலிடம் பெற்றது. நோயாளியின்மேல் அங்குள்ளோர் அக்கறை கொண்டிருக்கின்றனர் என உணர்தல், நிலை மாறினால் வீட்டுக்கு அழைத்துச் சொல்லுதல், வினாக்களுக்கு நேர்மையான விடை பெறுதல், புரியும் சொற்களில் விளக்கம் பெறுதல் ஆகியனவும் முன்வரிசையில் இருந்தன. நம்பிக்கையும் வேண்டும், நேர்மையும் வேண்டும் என ஒரே மக்கள் ஒரே மூச்சில் கேட்டனர்.

இது முரண்பாடன்று. அம்மக்கள் கேட்ட நம்பிக்கை, பிழைப்பார் என்னும் வாக்குறுதி மட்டுமாக இருந்திருந்தால், நேர்மையான விடையை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். பிழைப்பார் என்னும் நம்பிக்கை குன்றும்போதும் வேறு நம்பிக்கைகள் எஞ்சுகின்றன. வலியின்றி இருப்பார் என்னும் நம்பிக்கை. தனியே விடப்படமாட்டார் என்னும் நம்பிக்கை. மகன் வந்து சேர்வான் என்னும் நம்பிக்கை. தம்மிடம் எதுவும் மறைக்கப்படவில்லை என்னும் நம்பிக்கை. இவற்றைத் தர நோய் குணமாக வேண்டியதில்லை. தாதி சொன்ன சொல்லைக் காத்தால் போதும். தர இயலாத நம்பிக்கையைத் தருவதாகச் சொல்லுவது பொய். தர இயலும் நம்பிக்கையைத் தராதிருப்பது வன்மை.

இத்தகைய துணையால் பயன் உண்டா என அளந்து பார்த்த ஆய்வுகளும் உள்ளன. பிரான்சு நாட்டின் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், இறக்கும் தறுவாயில் இருந்த நோயாளிகள் 126 பேரின் குடும்பங்களிடையே நடந்த ஆய்வு ஒன்று 2007 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஒரு சாராருக்கு வழக்கமான சந்திப்பு. மறு சாராருக்குக் குடும்பத்தாரைப் பேசவிட்டுக் கேட்கும் முறையில் அமைந்த சந்திப்பும் ஒரு கையேடும். முதல் சாரார் பேசிய நேரம் ஏறத்தாழ 5 நிமிடம்; மறு சாரார் பேசியது ஏறத்தாழ 14 நிமிடம். 90 நாட்களுக்குப் பின் விசாரித்தபோது, அதிகம் பேசக் கேட்கப்பட்ட குடும்பங்களில் மன அதிர்ச்சியும் பதற்றமும் சோர்வும் குறைந்திருந்தன. ஒன்பது நிமிடம் கூடுதலாகச் செவிசாய்த்தல் என்பது எவ்வளவு சிறிய செலவு!

ஆனால் எல்லா ஆய்வும் இவ்வாறு இனிய முடிவைத் தரவில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர்ப்புறத்தில் 5 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1,420 நோயாளிகளை உட்படுத்தி, தாதியரே முன்னின்று குடும்பங்களுக்குத் துணைநின்ற முறை ஒன்று ஆராயப்பட்டு, 2018 ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. தங்களிடம் பேசிய முறை சிறந்திருந்தது எனக் குடும்பத்தார் மதிப்பிட்டனர். நோயாளியின் விருப்பத்துக்கேற்பப் பணி அமைந்தது என்றும் கூறினர். ஆயினும் ஆறு மாதங்களுக்குப் பின் அவர்களுடைய மனத்துயரின் அளவு, அத்துணையைப் பெறாதவர்களின் துயரிலிருந்து குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை.

இம்முடிவைக் கண்டு, துணைநிற்பதில் பயனில்லை எனச் சிலர் கூறக்கூடும். அறத்தின் இயல்பை அறியாதார் கூற்று அது. துயரத்தைக் குறைப்பதே கடமையின் காரணமாயின், குறையாதபோது கடமையும் நீங்கிவிடும். ஆனால் கடன் என்பது பெற்றவர் மகிழ்ந்தால் மட்டும் திருப்பித் தருவதன்று. கடனாளி கொடுத்த பணத்தால் கடன் கொடுத்தவரின் கவலை தீரவில்லை என்பதற்காகக் கடன் இல்லையென்று ஆகுமா? கணவனை இழந்த மனைவியின் துயரை எவ்வளவு சிறந்த தாதியாலும் நீக்க இயலாது; நீக்குவது முறையும் அன்று, அத்துயர் அன்பின் மறுபக்கமாதலின். தாதி செய்யக் கூடியது, அத்துயரோடு வஞ்சிக்கப்பட்டோம் என்னும் கசப்பும், வெளியே தள்ளப்பட்டோம் என்னும் அவமானமும் சேராமல் காப்பதே. அந்தத் தாய்க்கு உண்மையும் இடமும் உரியவை என்பதற்காகவே அவை தரப்பட வேண்டும்.

கடனைப் பேசும்போது கடனாளியின் நிலையையும் பேசுவது நேர்மை. உயிர் ஊசலாடும் படுக்கை ஒன்றில் மணிக்கொரு முறை அளவெடுத்து, மருந்து மாற்றி, சளி உறிஞ்சி, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து, எல்லாவற்றையும் ஏட்டில் பதிந்து முடிக்குமுன் பணி நேரம் தீர்ந்துவிடுகின்றது. இவற்றுக்கிடையே ஒரு மனைவியின் அருகே அமர எங்கே நேரம்? மேலும், சரியெனத் தெரிந்ததைச் செய்ய நிறுவனத்தின் கட்டுகள் இடந்தராதபோது ஒருவர் அடையும் வேதனையை 'அறத்துயர்' எனலாம். அமெரிக்க மெய்யியல் அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் 1984 ஆம் ஆண்டில் தாதியரின் அறச்சிக்கல்கள் பற்றி எழுதிய நூலில் இக்கருத்தை எடுத்துரைத்தார். பயனில்லை எனத் தாம் அறிந்த சிகிச்சையைத் தாமே நடத்திக்கொண்டு, குடும்பத்தின் கண்களை நேருக்கு நேர் நோக்க இயலாமல் நிற்கும் தாதி இத்துயரை நன்கறிவார்.

ஆகவே கடன் தாதி ஒருவருடையது மட்டுமன்று. குடும்பத்தை நான்காம் இடத்திலிருந்து எழுப்பியது தாதி அல்லர். மருத்துவமனை என்னும் அமைப்பு. தாதி அதன் பெயரால் கடனைத் தீர்க்கின்றார். அமர்ந்து பேசப் போதிய ஆட்களைத் தராமல், அழுவதற்கு ஒரு தனியறைகூட ஒதுக்காமல், 'அன்பாக இருங்கள்' எனத் தாதியருக்கு மட்டும் அறிவுரை கூறும் நிர்வாகம், தன் கடனைப் பிறர் தோளில் ஏற்றுகின்றது. அறம் தனிமனிதரின் நெஞ்சில் பிறக்கலாம். ஆனால் பணி அட்டவணையில் இடம் பெறாவிடில் அது நெடுநாள் வாழாது.

இவ்வுண்மை அனைத்தையும் உலகம் ஒருசேரக் கண்ட காலம் 2020 ஆம் ஆண்டு. கொரோனாக் கிருமியின் பரவலைத் தடுக்க அவ்வாண்டு மார்ச்சு 18 இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஏப்ரல் 7 இல் சிங்கப்பூரிலும் கடுங்கட்டுப்பாடுகள் தொடங்கின. உலகின் பல நாடுகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு குடும்பத்தாருக்கு முற்றிலும் அடைபட்டது. பார்வை நேரம் என்னும் சிறு சலுகையும் மறைந்தது. நான்காம் இடம் முழுவதும் தாதியர் வசமாயிற்று. அப்போது அவர்கள் செய்தது என்ன? முகக்கவசமும் காப்புடையும் அணிந்து வேர்வையில் நனைந்த நிலையிலும், கையுறைக் கையால் தொலைபேசியை உயர்த்தி நோயாளியின் முகத்தைக் குடும்பத்துக்குக் காட்டினர். பேரனின் குரலைப் பாட்டியின் செவியருகே பிடித்தனர். மகள் வர இயலாத படுக்கையருகே, மகளின் இடத்தில் நின்று இறுதி மூச்சுவரை கையைப் பற்றியிருந்தனர். தாம் அமர்ந்திருக்கும் இடம் யாருடையது என்பதை அவர்கள் மறக்கவில்லை.

அன்று தாதியர் செய்ததைத் தியாகம் என உலகம் போற்றியது. போற்றத் தக்கதே. எனினும் அது தொற்றுக் காலத்தில் புதிதாகத் தோன்றிய அறமன்று. எவரும் பாராட்டாத சாதாரண இரவுகளில், கதவருகே நின்று காணப்போவதை முன்கூட்டிச் சொல்லும் தாதியும், நாற்காலியை இழுத்துப் போடும் தாதியும், "என்ன ஆகும் என்று சொல்ல முடியாது, ஆனால் கண்டதை மறைக்கமாட்டேன்" என்று கூறும் தாதியும் அதே கடனைத்தான் தீர்த்து வருகின்றனர்.

வள்ளுவரின் நான்கு கூறுகளுள் குடும்பம் தனியே எண்ணப்படவில்லை. எண்ண வேண்டிய தேவை அன்று இருக்கவில்லை. பெரும்பாலும் நான்காம் கூறே அதுவாக இருந்தது. இன்று பிரிக்கப்பட்டுவிட்ட அவ்விருவரையும் மீண்டும் ஒரு படுக்கையின் இருபுறமும் சேர்த்து நிறுத்துவதே தீவிர சிகிச்சைப் பிரிவின் அறமாகும். மேற்கண்ட எடுத்துக்காட்டின் மகன் அவ்விரவே பாலத்தைக் கடந்து ஜொகூருக்கு வந்துசேர்ந்தான் எனக் கொள்வோமாயின், தந்தை பிழைத்தாரா என்பதை மருத்துவம் தீர்மானிக்கும். மகன் வந்தபோது படுக்கையருகே அவனுக்கென ஒரு நாற்காலி இருந்ததா என்பதைத் தீர்மானிப்பவர் தாதியே.